யாரைப் பார்க்கணும்?

வேப்பூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. அதற்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்துக் காலனித் தம்பி ஒருவர் என்னைத் தேடி வந்தார். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்தவர். அரசு சார்ந்த ஒரு நிறுவனத்தில் தற்காலிக வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். எழுத்துத் தேர்வு கிடையாது, நேர்காணல் மட்டும்தான். அழைப்புக் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, யாரைப் பார்க்கணும்?”

என்ன கேட்பார்கள், எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் வந்தது. ஏற்கெனவே ஒருவர் வீட்டுக்கு வந்து, “உள்ளே உட்கார்றவர் நமக்குத் தெரிஞ்சவர்தான், ரெண்டு லட்சம் ஆகும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் சந்தைக்கு ஆறு ஆடுகளை ஓட்டிப்போவது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். ஆறு ஆடு எந்த மூலைக்கு? மீதிக்கு அம்மாவின் சங்கிலி, அதற்கு மேல் வட்டிக் கடன்.

லஞ்சம் கொடுப்பது குற்றம் என்று அவருக்குப் பாடம் நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. காரணம், ‘யாரைப் பார்க்கணும்’ என்பது அவர் கண்டுபிடித்த கேள்வி கிடையாது. மெட்ராஸ் மாகாணத்தில் அரசுக் கச்சேரி என்று ஒன்று வந்த காலத்திலிருந்தே அது கேட்கப்பட்டு வருகிறது. அந்த வரிசையில் நாம்தான் கடைசியாக வந்து நின்றவர்கள். அவரிடம் அன்று சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கம்பெனி ஆட்சிக் காலத்தில் கலெக்டர் வெள்ளைக்காரர். உள்ளூர் மொழியும் கணக்கும் அவருக்கு அரைகுறை. கச்சேரியின் சாவி சிரஸ்தார் கையில். சிரஸ்தார் தன் மருமகனைக் கொண்டுவருவார், மருமகன் தன் மச்சினனைக் கொண்டுவருவார். ஒரு சில குடும்பங்கள் ஒரு மாவட்ட நிர்வாகத்தையே எப்படிக் கைக்குள் வைத்திருந்தன என்பதை குண்டூரை எடுத்துக்கொண்டு ராபர்ட் ஃப்ரைக்கன்பர்க் என்ற வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியிருக்கிறார். வேலை வேண்டுகிறவர் வேலை கொடுப்பவரைத் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே அன்று இல்லை. இருவருக்கும் ஒரே திண்ணை. இது அளவு மீறிப் போனதால்தான் 1854-இல் ரெவின்யூ போர்டு தன் நிலையாணை 128(2) மூலம் கலெக்டர்களை எச்சரித்தது: கீழ்நிலை வேலைகள் செல்வாக்குள்ள ஒருசில குடும்பங்களின் ஏகபோகமாகிவிடக் கூடாது, மாவட்டத்தின் முக்கியமான வேலைகளைப் பல சாதிகளுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ‘பல சாதிகள்’ என்று எழுதிய கை சேரியை நினைத்து எழுதியிருக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சேரி இந்த மேசையைப் பற்றிப் பேசியது 1893-இல். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் சமகாலத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த நேரம். அந்த ஆண்டு டிசம்பரில் இரட்டைமலை சீனிவாசனின் பறையர் மகாஜன சபை சென்னையில் கூடி, இந்தியாவில் அந்தத் தேர்வை நடத்தக் கூடாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு எழுதியது. 3,412 பேர் கையொப்பம். 112 அடி நீளம். ஜெனரல் செஸ்னி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக அது அவைக்குப் போனது.

இந்த மனுவை வெள்ளைக்காரனுக்குக் காவடி தூக்கியது என்று எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. கல்லூரியில் என்னிடமே ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். மனுவில் கையொப்பமிட்டவர்களின் கவலை தெளிவானது. தேர்வு இங்கே நடந்தால் தேறி வரப்போவது யார், அவர்கள் கலெக்டராக உட்கார்ந்தால் நம் ஆள் அந்த வாசலை மிதிக்க முடியுமா என்பதுதான் அது. வேலைக்கே விண்ணப்பிக்க முடியாத நிலையில் இருந்த ஒரு மக்கள், மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்காருவது என்பதில் தலையிட்டார்கள். ‘யாரைப் பார்க்கணும்’ என்பதற்கு நம் தாத்தாக்கள் அன்று கொடுத்த பதில் அது: தனித்தனியாக யாரையும் போய்ப் பார்க்காதே, எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு, உட்காருகிற ஆளைப் பற்றிக் கேள்வி கேள்.

அவர்கள் கணிப்பு வீணானதல்ல. 1892-க்கும் 1904-க்கும் இடையில் மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். தேறிய 16 பேரில் 15 பேர் பார்ப்பனர். 140 டெபுடி கலெக்டர்களில் 77 பேர் பார்ப்பனர். அலெக்சாண்டர் கார்டியூ 1913-இல் அரசுப் பணிகள் ஆணையத்திடம் வைத்த இந்தக் கணக்கைத்தான் 1916-இன் பார்ப்பனரல்லாதார் அறிக்கை எடுத்துக் கையாண்டது. அங்கிருந்து நீதிக்கட்சி, 1921, 1922-இன் வகுப்புவாரி ஆணைகள் என்று போகிற கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். குறைவாகப் பேசப்படுவது, அதோடு சேர்ந்து நடந்த இன்னொரு வேலை. ஆளை எடுக்கும் அதிகாரத்தைத் தனி மனிதர்களிடமிருந்து பிடுங்கிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். 1924-இல் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது. 1929-இல் சட்டமன்றத்தில் சட்டமே இயற்றி, இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன் அமைந்தது. இன்று நீங்கள் விண்ணப்பம் போடுகிற டி.என்.பி.எஸ்.சி.யின் பூர்வீகம் அதுதான். தலைமை குமாஸ்தாவின் வீட்டு வாசலில் வாழைத்தாரோடு நிற்பதற்கு முடிவு கட்டுவது என்றால் முதலில் முடிவெடுக்கும் இடத்தை அந்த வீட்டிலிருந்து நகர்த்த வேண்டும். அதைச் செய்தார்கள்.

ஆனால் குழுவிலும் மனிதர்கள்தானே உட்காருகிறார்கள்? எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்த 1927-ஆம் ஆண்டு ஆணைப்படி 12 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. அந்த ஒன்றுகூட நடைமுறையில் தானாக வந்துவிடவில்லை. அதற்கு முன்பே 1923-இல் எம்.சி. ராஜா நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். வேலைப் பங்கீட்டில் நம் மக்களுக்கு உரியது வரவில்லை என்பது அவருடைய குறைகளில் ஒன்று. பார்ப்பனர் திண்ணையிலிருந்து நகர்ந்த மேசை, முதலியார், ரெட்டியார் திண்ணையில் போய் நின்றது என்று சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ராஜா அன்றைக்கே அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் கவுன்சிலில் உறுப்பினரானதும் 1942 அக்டோபரில் பட்டியலினத்தவரின் குறைகளை ஒரு நீண்ட மனுவாக எழுதி லின்லித்கோவிடம் கொடுத்தார். 1943 ஆகஸ்டில் மத்திய அரசு வேலைகளில் 8.33 சதவீதம் ஒதுக்கப்பட்டது, வயது வரம்பு மூன்று ஆண்டு தளர்த்தப்பட்டது, தேர்வுக் கட்டணம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. கட்டணம் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். நேர்காணலுக்குப் போக பஸ் காசு இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

இனி நீதிமன்றங்களுக்கு வருவோம். நேர்காணலுக்குள் என்ன நடந்தது என்பது எழுத்தில் பதிவாகிக் கிடப்பது பெரும்பாலும் அங்கேதான். முதல் வழக்கு நம் மாநிலத்தது, கல்லூரிச் சேர்க்கை பற்றியது. என்றாலும் டாக்டர் வேலைக்கு வாசலே அதுதானே. 1970-இல் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்காணலில் 75 மதிப்பெண். விளையாட்டு, என்.சி.சி., உடல்வாகு, பொதுத்திறன், நாட்டம் என்று பல விஷயங்களைப் பார்க்க வேண்டும். எதற்கு எவ்வளவு என்று பிரிக்காமல் மொத்தமாக ஒரு எண்ணைப் போட்டார்கள். பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது, 75 என்பதே கூடுதல்தான் என்றும் சொன்னது. மொத்தமாக ஒரு எண் போடுவதில் என்ன வசதி? யாராவது சொல்லி அனுப்பியிருந்தால், அந்தச் சொல் எங்கே நுழைந்தது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதைவிட முக்கியமானது அஜய் ஹாசியா வழக்கு. இந்தத் தீர்ப்பை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஸ்ரீநகரில் இருந்த மண்டலப் பொறியியல் கல்லூரி. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. எழுத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியும் இடம் கிடைக்காத மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். நேர்காணல் இரண்டு மூன்று நிமிடம்தான் நடந்தது, பாடத்தைப் பற்றி ஏறக்குறைய எதுவும் கேட்கவில்லை, பெற்றோர் யார், வீடு எங்கே என்று மட்டும் கேட்டார்கள் என்றார்கள். அப்பா என்ன செய்கிறார்? எந்தத் தெரு? காஷ்மீரில் கேட்டாலும் கடலூர் மாவட்டத்தில் கேட்டாலும் அதே இரண்டு கேள்விகள்தான். நீதிபதி பகவதி எழுதிய அந்தத் தீர்ப்பு, நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்தால் நல்லது என்றும் சொன்னது. தீர்ப்பு வந்தபோது டேப் ரெக்கார்டர் விலை உயர்ந்த பொருள். இன்று எல்லோர் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. நேர்காணல் அறைக்குள் போகும்போது முதலில் அதைத்தான் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

1985-இல் அசோக் குமார் யாதவ் வழக்கு. ஹரியானாவில் தேர்வாணைய உறுப்பினர்களின் உறவினர்களே விண்ணப்பதாரர்களில் இருந்தார்கள். உறவினர் வரும்போது அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று நீதிமன்றம் விதித்தது, நேர்காணலின் பங்கு 12.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. மாமா எழுந்து வெளியே போனாலும் மாமாவின் நண்பர் உள்ளே உட்கார்ந்துதானே இருப்பார் என்று உங்களுக்குத் தோன்றினால், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் நேர்காணலின் பங்கு குறைந்தது நமக்குப் பெரிய ஆதாயம். இன்று குரூப் 1-இல் எழுத்துக்கு 750, நேர்காணலுக்கு 100. மத்திய அரசு 2016 ஜனவரி முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே எடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் 2024-இல் குரூப் 2-க்கும் எடுத்தாயிற்று. நம் வீட்டுப் பிள்ளை எழுதிய விடைத்தாளுக்கு முகம் கிடையாது. அதனால்தான் நேர்முகத்தின் பங்கு குறையக் குறைய நம் பிள்ளைகளின் பயமும் குறைகிறது.

நேர்காணலை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2019 குரூப் 4 தேர்வில் நேர்காணல் இல்லை. ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் மை அழிகிற பேனாவை வைத்துக்கொண்டு நடந்த மோசடி வெளியே வந்து, 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். நேர்காணல் இருந்த இடத்தின் கதை போக்குவரத்துக் கழகங்களுடையது. 2014, 2015 வாக்கில் ஓட்டுநர், நடத்துநர், இளநிலைப் பொறியாளர் வேலைகளுக்குப் பணம் வாங்கப்பட்டது என்ற குற்றச்சாட்டில் வழக்குகள் வந்தன. கொடுத்தவரும் வாங்கியவரும் சமரசமாகிவிட்டார்கள் என்று சொல்லி 2021-இல் ஒரு வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. ஊழல் என்பது இரண்டு பேர் கைகுலுக்கி முடித்துக்கொள்கிற தகராறு இல்லை. பணம் திரும்பக் கிடைத்தவருக்குக் கணக்கு முடிந்தது. பணமே கொடுக்காமல் தகுதியோடு போய் நின்று திரும்பியவருக்கு யார் என்ன திருப்பிக் கொடுத்தார்கள்?

தம்பியிடம் இந்த இடத்தில் ஒன்று சொன்னேன். களத்தில் பலமுறை பார்த்தது. தரகர்களில் பலர் உள்ளே யாரையும் பார்ப்பதே இல்லை. பத்துப் பேரிடம் பணம் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். பத்தில் இரண்டு பேர் எப்படியும் தானாகத் தேறிவிடுவார்கள். அந்த இரண்டு பேர் பணம் தரகருக்கு. மற்ற எட்டுப் பேருக்கு ‘செலவு போக’ திருப்பிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொள்வார். தேறிய பிள்ளை சாகும்வரை தன் வேலை பணத்தால் வந்தது என்றே நம்பிக்கொண்டிருக்கும். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குத் தாங்க முடியாதது.

உண்மையிலேயே உள்ளே ஆள் இருக்கிறவருக்குத் தரகரே தேவைப்படுவதில்லை. இதற்கு ஒரு விசித்திரமான சான்று உண்டு. பீகாரில் நேர்காணல் குழுவில் உட்கார்ந்தவர்களின் பெயர்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டார். அவர்களின் உயிருக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து வரலாம் என்று சொல்லி, கொடுக்க வேண்டியதில்லை என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் புரிகிறது. விளைவைப் பாருங்கள். மனு எழுதிக் கேட்கிறவருக்கு அந்தப் பெயர்கள் ரகசியம். கல்யாண மண்டபத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு அது ரகசியமாக இருக்குமா?

தனியார் நிறுவனங்களுக்கு இந்த 12, 15 சதவீதக் கணக்கெல்லாம் கிடையாது. அங்கே முழுக்க முழுக்க முகம்தான். எர்விங் காஃப்மன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், மனிதர்கள் பிறர் முன்னால் மேடை நடிகர்களைப் போலத் தங்களைக் காட்டிக்கொள்கிறார்கள் என்று எழுதினார். அதைப் பின்பற்றி, வேலை கேட்டு வருகிறவர் தேர்வாளரை எப்படிக் கவர்கிறார் என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். புன்னகை, முகத்துதி, நாங்கள் இருவரும் ஒரே ரசனை என்று காட்டிக்கொள்வது. எம்.ஏ. படிக்கும்போது இதையெல்லாம் ரசித்துப் படித்தேன். பிறகுதான் உறைத்தது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே கோயில், ஒரே ஊட்டிப் பயணம் என்று இருப்பவர் இதில் எதையும் நடிக்க வேண்டியதில்லை. நடிக்க வேண்டியவர் நாம். நடிப்பது தெரிந்துவிட்டால் ‘இயல்பாக இல்லை’ என்று மதிப்பெண் குறைகிறவரும் நாம்தான்.

2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரு சோதனை செய்தார்கள். பத்திரிகை விளம்பரங்களில் வந்த தனியார் வேலைகளுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அங்கே பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் சாதிப் பின்னொட்டு பெரும்பாலும் ஒழிந்துவிட்டதால் விண்ணப்பத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நேர்காணலில் கேட்கிறார்கள். எந்தத் தெரு, குலதெய்வம் எது, அப்பா என்ன செய்கிறார். சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் டெல்லியில் மனிதவள மேலாளர்களிடம் பேசியபோது, ‘குடும்பப் பின்னணி’ கேட்பது ஆளை எடைபோடுவதற்கு அவசியம் என்று அவர்கள் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறார்கள்.

இதே தம்பியை இதற்கு முன் ஒரு தனியார் தொழிற்சாலையில் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். “வேப்பூரா? ஊரா, காலனியா?” பீங்கான் சூளையின் வெப்பநிலையைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அதன் பிறகுதான் அவருக்கு ‘யாரைப் பார்க்கணும்’ என்பது தோன்றியிருக்கிறது. படித்ததைக் கேட்கவே மாட்டார்கள் என்றால் படித்து என்ன பிரயோஜனம் என்று அவர் நினைத்ததில் தவறு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

அன்று இரவே அவர் அப்பாவைப் பார்க்கப் போனேன். “குடுக்காம விட்டு வேலை போயிடுச்சுன்னா பழி உன்மேலதாம்மா” என்றார். ஏற்றுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஆடுகள் சந்தைக்குப் போகவில்லை. அடுத்த நான்கு நாளும் நூலகத்துத் திண்ணையில் உட்கார்ந்து பழகினோம். நானும் இன்னும் இரண்டு தோழர்களும் தேர்வாளர்கள். களிமண், மெருகு, சூளை எல்லாவற்றையும் கேட்டோம். தெருவையும் கேட்டோம். முதல் முறை அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாலாவது முறை, “காலனிங்க சார், அப்பாவுக்கு ஆடு மேய்க்கிற வேலை, நான் எங்க தெருவுல முதல் டிப்ளமோ” என்று எதிரில் இருந்தவர் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

நேர்காணல் முடிந்துவிட்டது. பட்டியல் இன்னும் வரவில்லை. வந்ததும் அனுப்புவதற்கு ஒரு மனுவை எழுதி வைத்திருக்கிறோம். தேர்வானவர்களும் தேர்வாகாதவர்களும் நேர்காணலில் வாங்கிய மதிப்பெண், எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று பிரித்து வேண்டும் எனக் கேட்கிற மனு. கீழே கையெழுத்துப் போட அவரோடு நேர்காணலுக்குப் போன இன்னும் ஏழு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறார். மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள்.